சும்மா நின்ற வண்டிகள்

விபத்து நடந்த நாலாம் நாள் காலையில் எஞ்சின் டிரைவரை ஆபீசுக்குக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஒரு தாளை நீட்டினார் போக்குவரத்து அதிகாரி. பத்தொன்பது வருட வேலையில் அந்த ஆபீசில் யாரும் அவருக்கு நாற்காலி போட்டதில்லை. நாற்காலி போடுகிறார்கள் என்றாலே எதையோ தலையில் கட்டப்போகிறார்கள் என்று அர்த்தம். டிரைவர் நுனியில்தான் உட்கார்ந்தார்.

தாளில் இருந்தது நாலே வரி. ‘மேற்படி ஷண்டர் தமது சொந்தக் கவனக்குறைவால், நிற்கக் கூடாத இடத்தில் நின்று சென்றபோது, துறைப் பாலத்தின் இரும்புச் சட்டத்தில் இடித்துக் காயமடைந்தார்.’ காயமாம்! இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், எஞ்சினுக்குக் கை காட்டி வண்டி கோக்கிற ஷண்டர் ஒருவன், அதற்குப் பெயர் காயம். கொசு கடித்தாலும் இவர்கள் இதையேதான் எழுதுவார்கள்.

“கீழ ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. உங்க பேர்ல ஒண்ணும் வராது, அதுக்கு நான் பொறுப்பு,” என்றார் அதிகாரி.

“அவன் பேர்ல?”

“அவரால இனிமே எப்படியும் ஷண்டிங் பண்ண முடியாதே. அவர் பேர்ல எது வந்தா என்ன?”

என்ன என்று டிரைவருக்கு நன்றாகத் தெரியும். தப்பு ஷண்டர் மேல் என்று முடிந்தால் அவனுக்கு வேலை போகும். வேலையோடு ரயில் யார்டு குவார்ட்டர்ஸில் இருக்கும் இரண்டு அறை வீடும் போகும். தப்பு அவன் மேல் இல்லை என்றானால், வண்டி நம்பர் பதிகிற உட்கார்ந்த வேலை ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். விதி அப்படி. ஒற்றைக் காலோடு வீதியில் நிற்பதா, மேசை முன்னால் உட்காருவதா என்பதை அந்த நாலு வரி முடிவு செய்யும். அதிலும் அந்த ஷண்டர் யாரோ எவரோ இல்லை, டிரைவரின் சொந்த மச்சினன், மனைவியோடு கூடப்பிறந்த ஒரே தம்பி.

“வீட்டுல படிச்சுப் பாத்துட்டுக் கொண்டுவர்றேன் ஐயா,” என்று தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“நாளைக்கு விசாரணை. அதுக்குள்ள வேணும்,” என்றார் அதிகாரி. நாற்காலியை அப்போதே உள்ளே இழுத்துப் போட்டாயிற்று.

டிரைவரை யார்டில் எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். எஞ்சினை அவர் நகர்த்தினால், உள்ளே டம்ளரில் இருக்கும் தண்ணீர் அசையாது என்பது பேச்சு. கிண்டலாக வைத்த பேர்தான். நாளடைவில் அதற்குள் ஒரு மரியாதை வந்து ஒட்டிக்கொண்டது. விபத்துக்குப் பிறகு அந்தப் பேரை யாராவது சொன்னால் அவருக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

ஏனென்றால், அன்று நிறுத்த வேண்டிய இடத்தில் அவர் நிறுத்தவில்லை. அதை அவர் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த யார்டின் வேலையைச் சொன்னால்தான் இது புரியும். தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஆலைகள், இந்தப் பக்கம் யார்டு. நடுவே ரயில் பாலம் கிடையாது. தண்டவாளம் பதித்த பெரிய மிதவை ஒன்றில் பன்னிரண்டு பன்னிரண்டு வண்டிகளாக ஏற்றி, இழுவைப் படகு இழுத்துக்கொண்டு வரும். மிதவையைக் கரையோடு சேர்ப்பதற்கு ஒரு சின்ன இரும்புப் பாலம் இருக்கிறது. கடல் ஏறினால் பாலத்தின் நுனி ஏறும், இறங்கினால் இறங்கும். அதுதான் துறைப் பாலம். வண்டிகளின் எடையை அது தாங்கும், எஞ்சினின் எடையைத் தாங்காது. அதனால் எஞ்சின் கரையிலேயே நின்றுகொண்டு, தனக்கு முன்னால் மூன்று காலித் தட்டை வண்டிகளைத் தள்ளி, அவற்றின் நுனியால் மிதவையில் இருக்கும் வண்டிகளை எட்டிப் பிடித்து இழுக்கும். அந்த மூன்றுக்கும் யார்டில் நீட்டு வண்டி என்று பெயர். சுவர் கிடையாது, கூரை கிடையாது, சரக்கும் கிடையாது. எஞ்சினுக்குக் கை, அவ்வளவுதான்.

ஆனால் கை என்றால் சாதாரணமா? நீட்டு வண்டியின் பலகைமேல் நடுவாக ஷண்டர் நிற்பான். டிரைவர் நிமிர்ந்து பார்த்தால் அவனும் தெரிவான், அவனுக்கு முன்னால் பாலமும் தெரியும், மிதவையும் தெரியும். அவன் கையை உயர்த்தினால் நகரும், தாழ்த்தினால் நிற்கும். அந்த யார்டில் வாய்ப்பேச்சைவிடக் கைப்பேச்சு அதிகம்.

இப்படி நடந்துகொண்டிருந்த இடத்துக்குத்தான், இப்போது தாளை நீட்டிய போக்குவரத்து அதிகாரி புதிதாக வந்து சேர்ந்தார். வந்த முதல் வாரமே கையில் ஒரு நோட்டோடு யார்டைச் சுற்றினார். கூடவே போனவர் வண்டிகளைச் சோதிக்கும் அம்மாள். சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தே விரிசலைச் சொல்லிவிடுவதால் அவருக்கு வண்டி டாக்டரம்மா என்று பெயர்.

எடை வண்டி முன்னால் அதிகாரி நின்றார். “இதுல என்ன சரக்கு ஏத்துவீங்க?”

“ஒண்ணும் ஏத்தமாட்டோம் ஐயா. இதுவே எடைக்கல்தான். இதை எடைமேடையில நிறுத்தித்தான் மேடை சரியா காட்டுதான்னு பாப்போம்.”

“அப்போ மத்த நேரம் சும்மாதானே நிக்குது?” நோட்டில் ஒரு கோடு.

அடுத்தது தடம்புரண்ட வண்டியைத் தூக்குகிற சாமான்கள் வைத்த விபத்து வண்டி. ஜாக்கி, சங்கிலி, மரக்கட்டை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. “கடைசியா எப்போ இது வெளிய போச்சு?”

“ஒன்றரை வருஷம் ஆச்சு ஐயா.”

“ஒன்றரை வருஷமா சும்மா நிக்குது!”

“ஊர் எரியாத வரைக்கும் தீயணைப்பு வண்டியும் சும்மாதான் ஐயா நிக்கும்,” என்றார் டாக்டரம்மா.

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டாரா என்று தெரியாது. அன்று சாயங்காலத்துக்குள் அவருக்குச் சும்மா ஐயா என்று பெயர் விழுந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நிதானமும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோட்டில் விழுந்த கோடுகளை எவனும் திருப்பிப் பார்க்கவில்லையே!

பத்தே நாளில் நீட்டு வண்டி மூன்றும் இரும்புக் குழாய் ஏற்றப் போய்விட்டன. ஒரே யார்டுதான், ஒரு மைல் தள்ளி அடுத்த துறையில்தான் நின்றன. டாக்டரம்மா எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தார். ‘எந்தக் காலி வண்டியையும் பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார் சும்மா ஐயா. எந்தக் காலி வண்டி இருந்தது? மூடுவண்டிதான். நாலு சுவரும் கூரையும் உள்ள, வீட்டு உயரப் பெட்டி. அதை எஞ்சினுக்கு முன்னால் மூன்று நிறுத்தினால் டிரைவருக்குத் தெரிவது ஒரு தகரச் சுவர். ஷண்டருக்கு நிற்க இடம் கிடையாது, பக்கவாட்டு ஏணியில் தொங்க வேண்டும். பாலத்துக்குப் போகிற தண்டவாளம் வளைவு வேறு, தலையை வெளியே நீட்டினாலும் முன்வண்டி மறைந்துவிடும்.

“அனுசரிச்சுப் போங்க,” என்றார் சும்மா ஐயா.

அனுசரித்துத்தான் போனார்கள். முதல் நாளும் இரண்டாம் நாளும் நிதானம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினார். மூன்றாம் நாளும் அப்படியே ஓட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

நீட்டு வண்டியோடு போகும்போது அவருக்கு ஓர் அடையாளம் உண்டு. தண்டவாளத்தோரம் தண்ணீர்க் குழாய் ஒன்று இருக்கிறது. எஞ்சின் ஜன்னல் அந்தக் குழாய்க்கு நேராக வந்ததும் நிறுத்திவிட்டால், முன்வண்டியின் நுனி பாலத்தின் இரும்புச் சட்டத்துக்கு ஆறடி முன்னால் நிற்கும். ஷண்டர் இறங்கி, முன்னால் நடந்து போய், பாலத்தைப் பார்த்துவிட்டுக் கை காட்டுவான். பத்தொன்பது வருடம் அந்தக் குழாயில் நிறுத்தி நிறுத்தி, அவருடைய கை யோசிக்காமலே பிரேக்கைப் பிடிக்கும். மூன்றாம் நாளும் யோசிக்காமலேதான் பிடித்தது. குழாய்க்கு நேராக, அழகாக, டம்ளர் அசையாமல் நிறுத்தினார்.

ஆனால் மூடுவண்டி ஒவ்வொன்றும் நீட்டு வண்டியைவிட நாலடி நீளம். மூன்றுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு அடி. முன்வண்டி சட்டத்தைத் தாண்டி ஆறடி உள்ளே போயிருந்தது. வண்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூடக் கிடையாது. அந்த இடைவெளியில்தான் ஏணியில் தொங்கிக்கொண்டிருந்தான் மச்சினன்.

சட்டைப்பையில் இருந்த தாளை வீட்டில் மனைவி எடுத்துப் படித்தாள். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து குளித்துவிட்டுப் போக வந்திருந்தாள். நாலு நாளாகத் தூக்கம் கிடையாது.

“கவனக்குறைவா? என் தம்பியா? செருப்பைக்கூட வரிசையா விடுறவன் அவன். இதை எழுதினவன் கை விளங்குமா?” என்று தாளை மேசைமேல் அடித்தாள். “நீங்க இதுல கையெழுத்துப் போடப்போறீங்களா?”

“போடல.”

“போடலன்னா ஏன் கொண்டுவந்தீங்க? அங்கேயே கிழிச்சு அந்த ஆளு மூஞ்சியில எறிஞ்சிருக்க வேண்டியதுதானே?”

நிதானம் தாளை எடுத்து மறுபடியும் நாலாக மடித்தார். அவள் அவரையே பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு அவர் எதையோ ஒளிப்பது தெரியாதா?

“என்னங்க... அன்னிக்கு என்ன நடந்துச்சு? நேராச் சொல்லுங்க.”

சொன்னார். குழாயைச் சொன்னார், கை தானாகப் பிரேக்கைப் பிடித்ததைச் சொன்னார், பன்னிரண்டு அடியைச் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கத்துவாள், அடிப்பாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் ஈரத்தலையைத் துண்டால் முடிந்துகொண்டு கதவருகே போனாள்.

“இதை நீங்களே அவன்கிட்டச் சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன். சொல்லாம ஒளிச்சீங்கன்னா நான் உங்களோட இருக்கமாட்டேன்.”

இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில், தனித்தனி இருக்கையில் போனார்கள்.

ஆஸ்பத்திரி வார்டில் ஜன்னலோரக் கட்டில் அவனுடையது. போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகவும் கிடந்தது. அக்கா பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கப் போவதுபோல வெளியே போய்விட்டாள்.

“மாப்ள,” என்றார் நிதானம். “நான் குழாய்ல நிறுத்திட்டேன்டா. பழைய நெனப்புல. முன்னாடியே நிறுத்தியிருக்கணும்.”

“தெரியும் மாமா.”

“தெரியுமா?”

“சட்டம் கிட்ட வரும்போதே தெரிஞ்சிச்சு. குதிச்சிருக்கலாம். இப்ப நிறுத்திடுவீங்க, இப்ப நிறுத்திடுவீங்கன்னு இருந்துட்டேன். நீங்க ஒரு நாளும் நிறுத்தாம இருந்ததில்லையே.”

அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் நிதானத்துக்குத் தாங்கவில்லை.

“சரி, விடுங்க மாமா. எல்லாம் முடிஞ்சுது. காலைல அந்த அதிகாரி வந்திருந்தாரு. நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்.”

“எதுலடா?”

“என் கவனக்குறைவுன்னு ஒரு தாள். நான் போடலன்னா உங்க மேலதான் வரும், உங்க வேலை போயிடும், பெரிய கேஸ் ஆயிடும்னாரு. எனக்குக் காலு போனது போச்சு. அக்கா வீட்டுலயும் அடுப்பு எரியாம எதுக்கு? அதான் போட்டேன்.”

நிதானம் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து விரித்துக் காட்டினார். அவன் படித்தான். அதே நாலு வரி. ஒரு கமாகூட மாறவில்லை.

“உங்ககிட்ட என்ன சொன்னாரு?” என்று கேட்டான்.

“நான் போட்டா என் பேர்ல ஒண்ணும் வராதுன்னாரு. நீ எப்படியும் வேலைக்கு லாயக்கில்லைன்னாரு.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன சாமர்த்தியம்! அவனுடைய பாசத்தைக் காட்டி அவனிடமும், இவருடைய பயத்தைக் காட்டி இவரிடமும் ஒரே நாளில் இரண்டு கையெழுத்து கேட்டிருக்கிறார். நீட்டு வண்டியைப் பறித்துக்கொண்ட மகராசன் மட்டும் எந்தத் தாளிலும் இல்லை. நிதானத்துக்குக் கோபம் எழுந்தது. நாலு நாளாகத் தன்மேல் இருந்த கோபம்தான் அவரை ஊமையாக்கி வைத்திருந்தது. இது வேறு கோபம். அவர் தாளைக் கிழிக்கவில்லை, மறுபடியும் மடித்துப் பையில் வைத்தார்.

மறுநாள் விசாரணை. நீள மேசைக்கு அந்தப் பக்கம் துறைமுகத்தின் பெரிய அதிகாரி, பக்கத்தில் சும்மா ஐயா. இந்தப் பக்கம் நிதானம், சாட்சியாக டாக்டரம்மா. இன்றைக்கு நாற்காலி இல்லை.

“ஷண்டரே ஒத்துக்கிட்டாரு. நீங்களும் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது,” என்றார் பெரிய அதிகாரி.

“அவன் ஒத்துக்கிட்டது பொய் ஐயா. நிறுத்தாதது நான். பழைய அடையாளத்துல நிறுத்தினேன். பன்னிரண்டு அடி கூடப் போயிடுச்சு.”

சும்மா ஐயாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. “அப்போ டிரைவர் தப்பு. அப்படியே எழுதிக்கலாம்.”

“எழுதுங்க. முதல் வரி அதுவாவே இருக்கட்டும். ரெண்டாவது வரியில, அந்தப் பன்னிரண்டு அடி எங்கிருந்து வந்துச்சுன்னு எழுதுங்க.”

டாக்டரம்மா தன் பதிவேட்டைத் திறந்து இரண்டு வகை வண்டிகளின் நீளத்தையும் படித்தார். தான் கொடுத்த ஆட்சேபத்தின் நகலையும், அதன் ஓரத்தில் சும்மா ஐயா எழுதிய வரியையும் மேசைமேல் வைத்தார். பெரிய அதிகாரி அதைத் தொடவில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல விரலை மடக்கிக்கொண்டார்.

“வண்டிகளை எங்க அனுப்பறதுங்கறது நிர்வாக முடிவு. அது விசாரணைக்குள்ள வராது.”

“காலு போனது மட்டும் வருமா ஐயா?”

“குரலை உயர்த்தாதீங்க.”

“பத்தொன்பது வருஷமா உயர்த்தல ஐயா. உயர்த்தியிருந்தா அவன் நடந்துக்கிட்டு இருப்பான். சரி, தப்பை எழுதாட்டியும் போகுது, அந்த மூணு வண்டியையாவது திருப்பிக் குடுங்க. நாளைக்கு இன்னொருத்தன் அந்த ஏணியில தொங்கணும்.”

“அதுக்கு மேலிடத்துக்கு எழுதணும். மூணு மாசம் ஆகும்,” என்றார் சும்மா ஐயா.

பெரிய அதிகாரி பேனாவை மூடினார். டிரைவர் ஒத்துக்கொண்டார், ஷண்டரும் ஒத்துக்கொண்டார், ஆக இரண்டு பேர்மேலும் தப்பு என்று முடித்துவிடலாம் என்றார். நிதானத்துக்கு அந்த நிமிடம் முதல் எஞ்சினில் ஏறத் தடை. ஷண்டருக்கு வேலைநீக்கக் கடிதம் தயாராகும். சமத்துவம் என்றால் இதுதான் சமத்துவம். உண்மை சொன்னவனுக்கும் தண்டனை, பொய் சொன்னவனுக்கும் தண்டனை, சொல்லவைத்தவருக்கு மட்டும் காபி.

நிதானம் வெளியே வந்து எஞ்சின் கொட்டகைக்குப் போனார், தன் டம்ளரையும் துண்டையும் எடுத்துக்கொள்ள. அங்கே இன்னொரு டிரைவர், மூக்குக்கண்ணாடி என்று பெயர், எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் பெரிய சிநேகம் கிடையாது. ஆறு மாதமாக ஷிப்ட் தகராறில் முகம் கொடுத்துப் பேசுவதுகூட இல்லை.

“நிசமாவே குழாய்லதான் நிறுத்தினியா?” என்று கேட்டார் மூக்குக்கண்ணாடி.

“ஆமா.”

“அதை அங்க சொன்னியா?”

“சொன்னேன்.”

மூக்குக்கண்ணாடி கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். நிதானம் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக, மிதவை வந்து துறைப் பாலத்தோடு சேர்ந்தது. பன்னிரண்டு வண்டிச் சரக்கு. கடல் ரொம்ப இறங்கிவிட்டால் பாலம் கீழே சரிந்துவிடும், வண்டியை இழுக்க முடியாது. பதினோரு மணிக்குள் இழுத்தாக வேண்டும். மூக்குக்கண்ணாடி எஞ்சினைக் கொண்டுவந்தார். முன்னால் அதே மூன்று மூடுவண்டிகள். ஏணியில் ஏற வந்த புது ஷண்டரைக் கீழேயே நிற்கச் சொன்னார். குழாய்க்கு முப்பது அடி முன்னாலேயே எஞ்சினை நிறுத்தி, இறங்கி, கீழே நின்றுகொண்டார்.

வீட்டுக்கு ஆள் வந்து சொல்ல, நிதானம் ஓடிப் போய் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். உள்ளே போக அவருக்கு அனுமதி இல்லை. சும்மா ஐயா அரக்கப்பரக்க வந்து சேர்ந்தார்.

“ஏன் நிக்குது வண்டி?”

“நான் ஓட்டமாட்டேன் ஐயா. நிதானம் செஞ்ச தப்பை நானும் செய்வேன். என் கண்ணும் அந்தக் குழாயைத்தான் பாக்கும். அந்தாளே தவறிட்டாருன்னா நான் எம்மாத்திரம்? நீட்டு வண்டி வரட்டும், ஓட்டுறேன்.”

“இது ஒழுங்கீனம்!”

“சரிங்க ஐயா. நீங்க அந்த ஏணியில தொங்குங்க, நான் இப்பவே ஓட்டுறேன்.”

சும்மா ஐயா ஏணியைப் பார்த்தார், சட்டத்தைப் பார்த்தார். சட்டத்தில் இன்னும் சரியாகக் கழுவாத இடம் ஒன்று இருந்தது. அடுத்த டிரைவரைக் கூப்பிட்டார்கள். அவரும் எஞ்சினில் ஏறவில்லை. கொட்டகையில் இருந்த ஆறு டிரைவர்களும் ஒவ்வொருவராக வந்து, எஞ்சினைத் தொடாமல், குழாயருகே வரிசையாக நின்றார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. ஒருவர் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டார். டாக்டரம்மா சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அவர்களோடு நின்றார்.

ஒன்பது மணிக்குப் பெரிய அதிகாரி வந்தார். வாட்சைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். பாலத்தின் நுனி ஏற்கெனவே கொஞ்சம் இறங்கியிருந்தது.

“என்னதான் வேணும் உங்களுக்கு?”

“மூணு வண்டி ஐயா. அப்புறம் ஷண்டர்கிட்ட வாங்கின தாள். ரெண்டும் இங்க வரணும்,” என்றார் டாக்டரம்மா.

அதன்பிறகு நடந்ததைத்தான் நிதானத்தால் நம்ப முடியவில்லை. யாரும் மேலிடத்துக்கு எழுதவில்லை. யாரும் அனுமதி கேட்கவில்லை. பெரிய அதிகாரி ஒரு போன் பண்ணினார். அடுத்த துறையில் கிரேன் வண்டி கரகரவென்று திரும்பிக் குழாய்களைக் கீழே இறக்கியது. ஒரு சின்ன எஞ்சின் நீட்டு வண்டி மூன்றையும் இழுத்துக்கொண்டு வந்தது. பத்து மணிக்கு அவை மூக்குக்கண்ணாடியின் எஞ்சினுக்கு முன்னால் நின்றன. புது ஷண்டர் பலகைமேல் ஏறி நடுவே நின்றான். பதினோரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசி வண்டி மிதவையை விட்டுக் கரை ஏறியது.

வேலி ஓரமாக வந்து டாக்டரம்மா ஒரு தாளை நீட்டினார். மச்சினன் கையெழுத்துப் போட்டது. கூடவே இன்னொன்று, அவனுக்கு உட்கார்ந்த வேலை என்று பெரிய அதிகாரி அவசர அவசரமாகக் கைப்பட எழுதியது. “உங்க விஷயம்தான் ஒண்ணும் பண்ண முடியல. நீங்க சொன்னது அங்க பதிவாயிடுச்சு. ஒரு வருஷம் எஞ்சின் கிடையாது, விபத்து வண்டியில சாமான் பாத்துக்கற வேலையாம்,” என்றார்.

“அது இருக்கட்டும்மா. நான் செஞ்சதுக்கு அது,” என்றார் நிதானம். சும்மா ஐயாவுக்கு என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, அடுத்த துறைக்கு மாற்றல் மட்டும்தானாம், அங்கேயும் நோட்டோடுதான் போவார் என்றார் டாக்டரம்மா. கேட்டதும் நிதானம் வேலிக் கம்பியை இறுகப் பிடித்தார். அங்கேயும் யாரோ ஒருவன் ஏணியில் தொங்குவான்.

ஆஸ்பத்திரியில் அக்காவும் தம்பியும் சேர்ந்து இரண்டு தாளையும் படித்தார்கள். அவள் முதல் தாளை இரண்டாக, நாலாக, எட்டாகக் கிழித்து, துண்டுகளைக் கட்டிலுக்கு அடியில் இருந்த குப்பைக் கூடையில் போட்டாள். பிறகு ஐந்து நாளில் முதல் முறையாகக் கணவனிடம், “சாப்டீங்களா?” என்று கேட்டாள்.

மச்சினன் நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்லச் சொன்னான். மூக்குக்கண்ணாடி இறங்கி நின்றது, ஆறு பேரும் வந்தது, சும்மா ஐயா ஏணியைப் பார்த்தது. அந்த இடத்தில் சிரித்தான். சிரித்தபோது வலித்திருக்க வேண்டும், போர்வையைப் பிடித்துக்கொண்டான்.

“வண்டி வர எவ்வளவு நேரம் ஆச்சு மாமா?”

“எட்டு மணிக்கு நின்னாங்க. பத்து மணிக்கு வந்துடுச்சு.”

“ரெண்டு மணி நேரமா?”

“ரெண்டு மணி நேரம்தான் மாப்ள.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அக்கா அவன் தோளில் கை வைத்தாள். நிதானம் எழுந்து போகவும் முடியாமல், உட்கார்ந்திருக்கவும் முடியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மூணு நாள் அந்த மூடுவண்டியை வச்சு ஓட்டினோமே,” என்றான் அவன், திரும்பாமலே. “முதல் நாளே நாம இறங்கி நின்னிருக்கலாம் மாமா.”